எடைக்குப் போக இருந்த லேத்து

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா போன் பண்ணினார். "கண்ணு, பட்டறையைக் காலி பண்றேன். லேத்தை எடைக்குப் போட்டுரலாம்னு இருக்கறேன். நீ ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறயா?"

கோவை கணபதியில் முப்பத்தைந்து வருஷம் அந்த லேத்தில் நின்றவர் அவர். பள்ளி விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நான் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரும்பு நீலமாகச் சுருண்டு சுருண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மெக்கானிக்கல் படிப்பேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் கம்ப்யூட்டர் படித்து, இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரும்புக்கடைக்காரர் கிலோவுக்கு 35 ரூபாய் சொல்லியிருந்தார். நாலரை அடி லேத்து, ஐந்நூறு கிலோ சுமார். கணக்குப் போட்டால் பதினேழாயிரத்து ஐந்நூறு. அதற்குக் கொஞ்சம் மேலே போட்டு மாமா கையில் கொடுத்துவிட்டு, "நான் எடுத்துக்கறேங்க மாமா" என்றேன். "வெச்சு என்ன பண்ணுவ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த லேத்தைச் சுத்தம் செய்து, வீட்டுக் கரண்டில் ஓட வைத்த எட்டு மாதக் கதைதான் இது. பாதி இரும்பைப் பற்றியது, பாதி கரண்டைப் பற்றியது. நடுவில் நான் செய்த இரண்டு தப்புகள் இருக்கின்றன. அவற்றைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

கடைசல் என்றால் என்ன?

தமிழில் இதற்கு அழகான சொல் ஏற்கெனவே உண்டு: கடைசல். கட்டில் காலும் தொட்டில் கம்பும் மரத்தில் கடைந்தவைதான். ஆளைத் திட்டும்போது 'கடைந்தெடுத்த அயோக்கியன்' என்கிறோம். கொஞ்சமும் பிசிறில்லாதவன் என்ற பொருளில்தான் அந்த வார்த்தை அங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

வேறு சில இயந்திரங்களில் கருவி சுற்றும், வேலை அசையாமல் இருக்கும். டிரில்லிங் மெஷின் அப்படித்தான். லேத்தில் தலைகீழ். சக் என்ற பிடிப்பானில் மாட்டிய இரும்பு சுற்றும், கருவி அதன் பக்கத்தில் நேர்கோட்டில் நகரும். சுற்றலும் நேர்கோடும் சேர்ந்தால் உருளை. நகரும் வேகத்தைச் சுற்றும் வேகத்தோடு பல்சக்கரங்களால் பிணைத்தால் மரை. 1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே செய்த மரை வெட்டும் லேத்தின் அடிப்படையும் இதுவே. என் வீட்டில் இருப்பதற்கும் அதற்கும் கொள்கையளவில் பெரிய வித்தியாசம் கிடையாது.

கோவையில் இது தெருவுக்குத் தெரு இருப்பதற்குக் காரணம் பஞ்சு மில்லும் பம்பும் மோட்டாரும். 1937இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள். அதன்பின் பம்பு செட் தொழில் வளர வளர, ஷாஃப்ட் கடைய, புஷ் போட, கப்ளிங் செய்ய ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன லேத்துப் பட்டறைகள் வந்தன. மாமாவுடையது அதில் ஒன்று.

திறந்து பார்த்தால்

கணபதியிலிருந்து சரவணம்பட்டிக்குக் கொண்டுவருவதே ஒரு நாள் வேலை. செயின் பிளாக்கில் தூக்கி, ஜி.ஐ. பைப்புகளை உருளையாகப் போட்டுத் தள்ளி, போர்ட்டிகோவில் இறக்கினோம். லேத்துக்குத் தலை கனம். ஹெட்ஸ்டாக் பக்கம்தான் எடை முழுக்க இருக்கும், நடுவில் கயிறு போட்டுத் தூக்கினால் குடை சாய்ந்துவிடும். கேரேஜை டெயில்ஸ்டாக் முனைக்குத் தள்ளி வைத்துக்கொண்டால் சமநிலை கொஞ்சம் சுலபம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு நட்டைக் கழற்றும் முன்னும் ஒரு போட்டோ எடுத்தேன். மொத்தம் நானூற்றுச் சொச்சம். யாரோ முப்பது வருஷத்துக்கு முன் எழுதிய கோடைத் திறக்கும்போது வரும் அதே உணர்வு: 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்று தெரியும்வரை எதையும் தூக்கி எறியக் கூடாது.

ஸ்பிண்டில் தாங்கிகள் இரண்டாகப் பிளந்த வெண்கலப் புஷ்கள். மேலே எண்ணெய்க் கிண்ணம், அதிலிருந்து திரி வழியாக எண்ணெய் சொட்டு சொட்டாக இறங்க வேண்டும். ஒரு கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே கல்லாகிப் போன கிரீஸ். எண்ணெய் ஊற்றும் வேலையை மிச்சம் பிடிக்க எப்போதோ யாரோ அப்பிவிட்டிருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் இந்த வகைப் புஷ்ஷுக்கு கிரீஸ் எமன். சுற்றும் தண்டு தன்னோடு எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், தனக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலம் உண்டாக்கி, அதன்மேல் மிதந்துதான் ஓடுகிறது. கிரீஸ் இருந்த இடத்திலேயே நிற்கும், புதிதாக ஓடி வராது. துளை அடைபட்டால் தாங்கி பட்டினி.

டயல் வைத்துப் பார்த்ததில் ஸ்பிண்டிலில் 0.08 மி.மீ. ஆட்டம். புஷ்ஷின் இரண்டு பாதிகளுக்கு நடுவே மெல்லிய தகடுகள் இருந்தன. தேயத் தேய ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு இறுக்கிக்கொள்ளட்டும் என்று செய்தவர்கள் விட்டுவைத்தவை. 0.05 தகடு ஒன்றை இருபக்கமும் எடுத்தேன், ஆட்டம் 0.03க்கு வந்தது. துளையைச் சுத்தம் செய்து, புதுத் திரி போட்டு, 68ஆம் எண் எண்ணெய் ஊற்றினேன். கையால் சுற்றும்போது வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இருந்தது.

துரு

பெரிய பாகங்களுக்கு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும். சின்னப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறை. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் சார்ஜரின் மைனஸில் கட்டி, ஒரு பழைய இரும்புத் தகட்டை பிளஸ்ஸில் கட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தண்ணீரில் இறக்கவேண்டும். ராத்திரி விட்டால் காலையில் துரு கறுப்பு மண்ணாகி, துடைத்தால் போய்விடும். நல்ல இரும்பு கரையாது, அதுதான் இதன் அழகு.

இரண்டு எச்சரிக்கை. பிளஸ்ஸில் எவர்சில்வர் தகடு போடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் விஷமான சேர்மமாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் தீப்பொறி கூடாது.

பெட்டின் மேல்பரப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆசை வரும். பளபளவென்று ஆகும். மாமா முதல் நாளே தடுத்துவிட்டார். தாளிலிருந்து உதிரும் துகள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் தங்கி, அதற்குப் பின் கேரேஜ் நகரும்போதெல்லாம் அரைத்துக்கொண்டே இருக்குமாம்.

தேய்மானத்தின் கணக்கு

பழைய லேத்து வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட் தேய்மானத்தை. சக் பக்கத்தில்தான் பெரும்பாலான வேலை நடப்பதால் அங்கே குழிந்திருக்கும். 'தேய்ஞ்சு போச்சு, இனி உதவாது' என்று ஒதுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

25 மி.மீ. விட்டமுள்ள கம்பியைக் கடைகிறோம். பெட் தேய்ந்ததால் கருவி நேராகக் கீழே 0.1 மி.மீ. இறங்கிவிட்டது. விட்டம் எவ்வளவு மாறும்? கருவி வட்டத்தின் பக்கவாட்டில் தொடுகிறது. அந்த இடத்தில் வட்டத்தின் ஓரம் கிட்டத்தட்ட செங்குத்துக் கோடு. ஆகவே கொஞ்சம் கீழே போனால் ஆரத்தில் பெரிய மாற்றம் வராது. இறக்கத்தின் வர்க்கத்தை விட்டத்தால் வகுத்தால் ஆரத்தின் மாற்றம்: 0.01ஐ 25ஆல் வகுக்க, 0.0004 மி.மீ. விட்டத்தில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒன்றுமே இல்லை.

அதே 0.1 பக்கவாட்டில் நகர்ந்திருந்தால்? ஆரத்தில் அப்படியே 0.1, விட்டத்தில் 0.2. ஒரு பேரிங் உட்காராமல் போக இது தாராளம்.

அப்படியானால் மேலிருந்து கீழான தேய்மானம் பொருட்டில்லையா? அதில்தான் ஒரு சூட்சுமம். பெட்டின் முன்பக்கத் தண்டவாளம் பின்பக்கத்தைவிட அதிகமாகத் தேயும். அப்போது கேரேஜ் வெறுமனே இறங்காது, ஆபரேட்டர் பக்கம் சாயும். என் லேத்தில் தண்டவாளங்களின் இடைவெளி 250 மி.மீ., கருவி முனை பெட்டுக்கு மேல் 165 மி.மீ. உயரத்தில். முன்பக்கம் 0.06 தேய்ந்திருந்தது. கருவி முனை வேலையிலிருந்து விலகும் தூரம் 0.06 பெருக்கல் 165 வகுத்தல் 250, அதாவது 0.04. விட்டத்தில் 0.08.

பெட்டை கிரைண்டிங்குக்கு அனுப்பலாம், சுரண்டிச் சீர் செய்யலாம். நான் இரண்டும் செய்யவில்லை. நான் கடையப்போவது பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்குள். அந்தத் தூரத்துக்குள் தேய்மானம் மாறும் அளவு மிகக் குறைவு. எங்கே எவ்வளவு தப்பு என்று ஒரு அட்டவணை எழுதி ஹெட்ஸ்டாக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். தப்பு தெரிந்த இயந்திரம் பாதி சரியான இயந்திரம்.

தரையின் பங்கு இன்னொரு ஆச்சரியம். ஐந்நூறு கிலோ வார்ப்பிரும்பு முறுக்காது என்றுதான் நினைத்தேன். டெயில்ஸ்டாக் துணையில்லாமல், சக்கில் மட்டும் பிடித்த ஒரு கம்பியில் 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையங்களை ஒரே வெட்டில் கடைந்து அளந்தால் 0.06 வித்தியாசம். போர்ட்டிகோ தரை சமமில்லாததால் பெட் ஈரத்துணி மாதிரி லேசாகப் பிழியப்பட்டிருந்தது. மெஷின் ஷாப் ரசமட்டம் ஒன்றை இரவல் வாங்கி, கால்களுக்கு அடியில் தகடு வைத்து, இரு முனையிலும் ஒரே மாதிரி காட்டும்வரை ஒரு சனிக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினேன். வித்தியாசம் 0.015க்கு இறங்கியது. செலவு, தகரத் துண்டுகள்.

மோட்டார்: மூன்று ஃபேஸ், ஒரு ஃபேஸ்

இப்போது கரண்டுக்கு வருவோம். லேத்தோடு வந்தது 1 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார். 415 வோல்ட், 1.9 ஆம்பியர், 1440 ஆர்.பி.எம். என் வீட்டு இணைப்பு ஒற்றை ஃபேஸ், 230 வோல்ட்.

சுலபமான வழி, கபாசிட்டர் வைத்த ஒற்றை ஃபேஸ் மோட்டார் வாங்கி மாட்டுவது. பலர் அதைத்தான் செய்கிறார்கள், ஓடும். ஆனால் ஒற்றை ஃபேஸில் சக்தி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அந்த அதிர்வு சில சமயம் கடைந்த பரப்பில் வரிவரியாகத் தெரியும். மூன்று ஃபேஸில் ஒன்று இறங்கும்போது மற்ற இரண்டும் தாங்கிப் பிடிக்கும். மூன்றையும் கூட்டினால் எந்தக் கணத்திலும் ஒரே அளவு. 1888இல் டெஸ்லா இண்டக்ஷன் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி மூன்று ஃபேஸில் அதைச் செய்து காட்டினார். உலகத்துத் தொழிற்சாலைகள் இன்றும் அதன்மேல்தான் ஓடுகின்றன.

இன்னொரு வழி வி.எஃப்.டி. எனப்படும் டிரைவ். ஒற்றை ஃபேஸ் கரண்டை வாங்கி, முதலில் நேர்மின்சாரமாக்குகிறது. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட், அது கபாசிட்டர்களில் சேர்கிறது. பிறகு ஆறு எலக்ட்ரானிக் சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, அந்த நேர்மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மூன்று ஃபேஸ் போன்ற ஒன்றை உண்டாக்குகின்றன. நாம் கேட்கிற ஹெர்ட்ஸில். 50 வேண்டுமா, 20 வேண்டுமா, குமிழைத் திருப்பினால் போதும்.

சிக்கல் என்னவென்றால், 230 வோல்ட் உள்ளே போனால் வெளியே வருவதும் அதிகபட்சம் 230தான். மோட்டாரோ 415 கேட்கிறது. இங்கேதான் ஸ்டார், டெல்டா கணக்கு உதவும். மோட்டாருக்குள் மூன்று சுருள்கள். ஸ்டாரில் மூன்றின் ஒரு முனையும் நடுவில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். அப்போது ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது 415ஐ 1.732ஆல் வகுத்தது, 240 வோல்ட். டெல்டாவில் சுருள்கள் முக்கோணமாக இருக்கும், முழு வோல்ட்டும் ஒரு சுருளுக்குக் கிடைக்கும். ஆகவே 415 ஸ்டார் மோட்டாரை டெல்டாவாக மாற்றிக் கட்டினால் அதற்குத் தேவை 240தான். சுருளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வயரில் போகும் கரண்ட் மட்டும் 1.9இலிருந்து 3.3 ஆம்பியர் ஆகும்.

என் மோட்டாரில் மூன்று வயர்தான் வெளியே வந்தது. நடு முடிச்சு உள்ளே, சுருள்களின் நூல் கட்டுக்குள் புதைந்திருந்தது. ரீவைண்டிங் கடைக்காரர் அதைத் தேடி அவிழ்த்து, ஆறு முனைகளையும் வெளியே எடுத்து, வார்னிஷ் போட்டுச் சுட்டுக் கொடுத்தார். டிரைவின் வெட்டப்பட்ட மின்சாரம் பழைய காப்புக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமானது. அதனால் இந்த வார்னிஷ் வேலையை விட வேண்டாம் என்பது என் கருத்து.

டிரைவ் ஹெர்ட்ஸைக் குறைக்கும்போது வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும். 25 ஹெர்ட்ஸில் 115 வோல்ட். காரணம், மோட்டாருக்குள் உண்டாகும் காந்தப்புலம் வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்த அளவு. ஹெர்ட்ஸை மட்டும் பாதியாக்கினால் காந்தப்புலம் இரட்டிப்பாகப் பார்க்கும், இரும்பு அதைத் தாங்காது, கரண்ட் எகிறி மோட்டார் வெந்துபோகும். வோல்ட்டை மட்டும் குறைத்தால்? அதுதான் சீலிங் ஃபேன் ரெகுலேட்டர். மோட்டார் பலமிழந்து, பின்தங்கி, மெதுவாகச் சுற்றும். ஃபேனுக்கு அது போதும், மெதுவாகச் சுற்றினால் காற்றின் எதிர்ப்பும் குறைந்துவிடும். இரும்பு அப்படி இரக்கம் காட்டாது.

முதல் தப்பு: பெல்ட்டை மறந்தது

டிரைவ் மாட்டி, குமிழைத் திருப்பி, சக் ஆமை வேகத்திலிருந்து முழு வேகம்வரை வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த லேத்தில் மூன்று படிக் கப்பி, தட்டை பெல்ட், அதோடு பேக் கியர். நேரடியாக 480, 280, 165. பேக் கியர் போட்டால் அவை ஆறில் ஒரு பங்கு: 80, 47, 27. பெல்ட் மாற்ற ஒவ்வொரு முறையும் நிறுத்தி, தளர்த்தி, கையில் மசி பட்டு... 'இனி எதற்கு இதெல்லாம்? வேகம்தான் சாஃப்ட்வேரில் வந்துவிட்டதே!' பெல்ட்டை 480இல் நிரந்தரமாகப் போட்டுவிட்டேன்.

100 மி.மீ. இரும்பு வட்டு ஒன்றைக் கடைய உட்கார்ந்தேன். ஹைஸ்பீடு ஸ்டீல் கருவிக்குச் சாதாரண இரும்பில் நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகம் என்று கொண்டால், 100 மி.மீ. விட்டத்துக்கு 95 ஆர்.பி.எம். வரும். குமிழைத் திருப்பி 80இல் வைத்தேன். 1 மி.மீ. ஆழம், சுற்றுக்கு 0.2 மி.மீ. நகர்வு. கருவி தொட்டதும் மோட்டார் முனகியது, சக் நின்றது, டிரைவ் ஓவர்லோடு காட்டி அணைந்தது. டிரைவ்தான் மட்டம் என்று முடிவுகட்டி, செட்டிங்குகளில் ஒரு வாரம் போராடினேன்.

மாமா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பேக் கியரைப் போட்டு, டிரைவை 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி, அதே வெட்டை எடுத்தார். சுருள் சலசலவென்று விழுந்தது. "ரெண்டும் எம்பதுதானுங்களே மாமா?" என்றேன். "சைக்கிள்ல மேடு ஏறும்போது பெடலை மெதுவா மிதிச்சா ஏறிருமா?" என்றார்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1440இல் 1 எச்.பி. மோட்டாரின் முறுக்கு விசை சுமார் 5 நியூட்டன் மீட்டர். ஸ்பிண்டில் 480இல் ஓடும்போது பெல்ட் வேகத்தை மூன்றில் ஒன்றாக்குகிறது, விசையை மூன்று மடங்காக்குகிறது: 15. பேக் கியரும் சேர்ந்தால் இன்னும் ஆறு மடங்கு: 90. ஆனால் டிரைவில் ஹெர்ட்ஸைக் குறைத்து 80க்கு வந்தால் மோட்டாரின் விசை அதே 5, ஸ்பிண்டிலில் அதே 15. 50 மி.மீ. ஆரத்தில் அது வெறும் 30 கிலோ தள்ளு. அந்த வெட்டுக்குத் தேவையோ 40, 50 கிலோ. பேக் கியரில் 180 கிலோ இருக்கிறது.

பல்சக்கரமும் பெல்ட்டும் வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகின்றன. டிரைவ் வேகத்தைக் குறைக்கும்போது பதிலுக்கு எதையும் தருவதில்லை. 8 ஹெர்ட்ஸில் ஓடும் 1 எச்.பி. மோட்டார் உண்மையில் ஆறில் ஒரு எச்.பி. மோட்டார்தான். போதாததற்கு, மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில் இருப்பதால் மெதுவாகச் சுற்றினால் காற்றும் வராது. இப்போது என் பழக்கம் இது: பெல்ட்டும் கியரும் பெரிய படி, டிரைவ் அந்தப் படிக்குள் சின்னத் திருத்தம். 25க்குக் கீழே, 60க்கு மேலே நான் போவதில்லை.

இரண்டாவது தப்பு: கரண்ட் போய் வந்தது

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

லேத்தின் முன்பக்கம் ஒரு பழைய ஃபார்வர்டு-ரிவர்ஸ் கைப்பிடி உண்டு. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் எந்தச் சுவிட்சும் வைக்கக் கூடாது என்று படித்திருந்தேன். ஓடும்போது நடுவில் துண்டித்தால் எழும் மின் உதறல் டிரைவின் சுவிட்சுகளைக் கொன்றுவிடும். அதனால் அந்தக் கைப்பிடியை டிரைவின் சின்ன வோல்ட் கட்டளை முனையில் இணைத்தேன். கைப்பிடி போட்டால் ஓடு, எடுத்தால் நில். அதுவரை சரி.

ஒரு மாலை வேலை நடுவில் கரண்ட் போனது. சக் நின்றது. சரி, இந்த நேரத்தில் கம்பியைத் திருப்பிப் போடலாம் என்று சாவியை மாட்டித் தாடைகளைத் தளர்த்தினேன். சாவியை உருவி, கம்பியைப் பிடிக்கத் திரும்பும் நொடியில் கரண்ட் வந்தது. கைப்பிடி போட்டபடியே இருந்தது. டிரைவ் 'ஓடு' என்ற கட்டளையைப் பார்த்தது, ஓடியது. கம்பி சக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்து விழுந்தது. என் கை அரை அடி தள்ளி இருந்தது. பத்து நிமிஷத்துக்கு முன் அந்தப் பக்கத்தில்தான் என் மகள் நின்று, 'அப்பா, அந்தச் சுருள் ஒண்ணு குடு' என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமாவின் பழைய பட்டறையில் இது நடக்காது. அங்கே இருந்த பச்சை, சிவப்புப் பட்டன் ஸ்டார்ட்டரில் ஒரு மின்காந்தம் தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் பிடி விடும். திரும்ப வந்தாலும் யாராவது பச்சையை அமுக்கினால்தான் ஓடும். அந்தப் 'பழசை'க் கழற்றி எடைக்குப் போட்டது நான்தான். எந்தக் கோடையும் ஏன் இருக்கிறது என்று தெரியாமல் அழிக்கக் கூடாது என்று ஆபீஸில் சின்னப் பையன்களுக்கு வகுப்பெடுக்கிற ஆள்.

மறுநாளே மாற்றினேன். கட்டளை முனையில் இப்போது கைப்பிடி கிடையாது. அமுக்கி விட்டால் திரும்பிவிடும் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன் மட்டும். டிரைவின் மூன்று வயர் முறையில் பச்சை ஒரு துடிப்புதான் தரும், கரண்ட் போனால் அது மறந்துவிடும். டிரைவுக்குக் கரண்ட் வரும் வழியில் ஒரு கான்டாக்டர், அதைத் துண்டிக்கப் பெரிய சிவப்புக் குமிழ். கரண்ட் வந்ததும் தானாக ஓடும் வசதி டிரைவில் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று செட்டிங்கிலும் பார்த்தேன். பார்த்ததோடு நம்பாமல், மெயினை அணைத்துப் போட்டு, சக் காலியாக இருக்கும்போது பத்து முறை சோதித்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் மாமா திட்டவில்லை. "சாவி கையில இருக்கோணும், இல்லீன்னா டேபிள்ல இருக்கோணும். கை சக்குக்குள்ள போகோணும்னா மெயினு கையால அணைஞ்சிருக்கோணும். கரண்ட்டு போனது நீ அணைச்சதா ஆகாது" என்றார். அந்தக் கடைசி வரியை எழுதி மெயின் சுவிட்சுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

இன்னும் சில கவனங்கள்

பழைய லேத்துகளில் சக் ஸ்பிண்டிலோடு மரையால்தான் பிணைந்திருக்கும். வெட்டும் விசை அதை இறுக்கும். ஆனால் டிரைவில் திடீரென்று நிறுத்தினால் ஸ்பிண்டில் நின்றுவிடும், கனமான சக் தன் வேகத்தில் தொடர்ந்து சுற்றி, மரையிலிருந்து கழன்று இறங்கும். ரிவர்ஸில் வெட்டினாலும் அதே கதை. நான் நிற்கும் நேரத்தை எட்டு நொடி வைத்து, ரிவர்ஸை முழுக்க முடக்கிவிட்டேன். வேகமாக நிற்க வேண்டும் என்பவர்கள் பிரேக் ரெசிஸ்டர் போடுமுன் தங்கள் சக் எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்க்கட்டும்.

டிரைவை அணைத்த பிறகும் உள்ளே 325 வோல்ட் கபாசிட்டரில் காத்திருக்கும். மூடியைத் திறக்குமுன் பத்து நிமிஷமாவது பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். வார்ப்பிரும்புத் தூள் மின்சாரத்தைக் கடத்தும், டிரைவை அது எட்டாத பெட்டியில், சூடு போக வழிவிட்டு வைக்கவேண்டும். டிரைவ், மோட்டார், லேத்து உடம்பு மூன்றுக்கும் எர்த் கட்டாயம். டிரைவின் ஃபில்டர் கொஞ்சம் கரண்டை எர்த்தில் கசியவிடுவதால் வீட்டு ஆர்.சி.சி.பி. விழலாம். அப்போது எர்த் வயரைக் கழற்றுவது தீர்வல்ல. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, டிரைவுக்குத் தோதான ஆர்.சி.சி.பி.யோடு தனி லைன் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக

செலவு: டிரைவ் ஒன்பதாயிரம், மோட்டார் வேலை இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, கான்டாக்டர், பெட்டி, வயர் எல்லாம் சேர்ந்து மூன்றாயிரம். எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கு விலை போடவில்லை.

போன மாதம் எதிர்வீட்டு அம்மாவின் கிரைண்டரில் ஒரு புஷ் தேய்ந்துபோனது. கடையில் அந்த மாடல் நின்றுபோச்சு, புதுசு வாங்கிக்கோங்க என்றார்களாம். மாமாவைக் கூப்பிட்டேன். வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெண்கலத் துண்டைச் சக்கில் பிடித்தார். குமிழைப் பார்த்து, "இத எதுக்குத் திருகோணும்?" என்றார். "நீங்க திருக வேண்டாமுங்க, பெல்ட்டே போதும்" என்றேன். இருந்தாலும் ஒருதரம் திருகிப் பார்த்தார், சக்கின் சத்தம் ஏறி இறங்குவதைத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

இருபது நிமிஷத்தில் புஷ் முடிந்தது. சூடு ஆறுமுன் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வெச்சு என்ன பண்ணுவ என்று அன்றைக்குக் கேட்டதற்கு அதுதான் பதில் என்று தோன்றியது. நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று மட்டும் கேட்டார்.